ஏன் பூஜ்யம் இல்லை?

மனநல ஆலோசனை என்றாலே பழைய காயங்களைக் கிளறுவதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1978-இல் ஸ்டீவ் டி ஷேசரும், கொரியாவில் பிறந்த அவருடைய மனைவி இன்சூ கிம் பெர்க்கும் தொடங்கிய மையத்தில் இந்த வழக்கம் தலைகீழானது. அங்கே ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் சக ஆலோசகர்கள் உட்கார்ந்து, எந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு நகர்கிறது, எதற்குப் பிறகு முடங்குகிறது என்று கவனித்தார்கள்.

ஒருமுறை வந்த குடும்பம் 27 பிரச்சினைகளை அடுக்கியது. எதில் கை வைப்பது என்று குழுவுக்குப் பிடிபடவில்லை. அடுத்த சந்திப்புக்குள், உங்கள் வாழ்வில் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று விரும்பக்கூடியவற்றைக் கவனித்து வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்த குடும்பம் நிலைமை தேறிவிட்டதாகச் சொன்னது! பூட்டின் உட்புறத்தை ஆராயாமலே பல பூட்டுகளைத் திறக்கும் சாவிகள் உண்டு என்ற எண்ணத்துக்கு டி ஷேசர் வந்தது இத்தகைய அனுபவங்களால்தான். தீர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை முறை இப்படி உருவானது.

தனியாக வாழ விரும்பும் ஒருவரிடம் இது எப்படி வேலை செய்கிறது? ஓர் உதாரணத்துக்கு, மனநோய்க்குப் பின் பராமரிப்பு இல்லத்தில் தங்கியிருக்கும் 24 வயது இளைஞரை எடுத்துக்கொள்வோம். இன்றிரவு நீங்கள் தூங்கும்போது ஓர் அற்புதம் நடந்து உங்கள் சிக்கல் தீர்ந்துவிடுகிறது, நாளைக் காலை அதை முதலில் எதிலிருந்து தெரிந்துகொள்வீர்கள் என்று ஆலோசகர் கேட்கிறார். “சுதந்திரமாக இருப்பேன்” என்று பதில் வந்தால் அவர் விடமாட்டார். எத்தனை மணிக்கு எழுவீர்கள்? காபி யார் போடுவது? உங்களிடம் மாற்றம் தெரிகிறது என்று அம்மா எதைப் பார்த்துச் சொல்வார்? கேட்கக் கேட்க, ‘சுதந்திரம்’ என்ற பெரிய சொல் அலாரம் வைப்பது, மாத்திரையை மறக்காமல் போடுவது, மின்கட்டணம் கட்டுவது என்று கைக்கு எட்டும் காரியங்களாகிவிடுகிறது.

அடுத்து அளவுகோல். அந்தக் காலை வாழ்க்கை 10, அதன் நேரெதிர் நிலை 0 என்றால் இன்று எங்கே இருக்கிறீர்கள்? “மூன்று.” மீதி ஏழு எங்கே என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். ஆலோசகரோ ஏன் பூஜ்யம் இல்லை என்று கேட்கிறார். போன வாரம் தானே பஸ் பிடித்துக் கடைக்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதை எப்படிச் செய்தீர்கள், நான்குக்குப் போனால் என்ன மாறியிருக்கும் என்று பேச்சு தொடர்கிறது. இந்த முறையின் உயிர் ‘ஏன் பூஜ்யம் இல்லை’ என்ற ஒரு கேள்விதான் என்பேன். அற்புதக் கேள்விக்குத்தான் புகழ் அதிகம், அது வேறு விஷயம்.

2013-இல் வெளியான ஒரு திறனாய்வு இந்தச் சிகிச்சை பற்றிய 43 ஆய்வுகளை அலசி, அவற்றில் 32-இல் குறிப்பிடத்தக்க நன்மை தெரிந்ததாகக் கூறியது. பெரியவர்களின் மனச்சோர்வுக்கே சான்று வலுவாக இருந்தது. ஆனால் கேள்விகள் வாடகை கட்டாது, சாய்தளம் அமைக்காது. 14 வயதில் இளம்பிள்ளைவாதத்தால் முடங்கிய எட் ராபர்ட்ஸ் அதை நன்கு அறிந்தவர். அவரும் நண்பர்களும் 1972-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய தற்சார்பு வாழ்வு மையம் உதவியாளர்களைத் தேடித் தந்தது, வீடு பார்த்துக் கொடுத்தது, சக்கர நாற்காலிகளைப் பழுது பார்த்தது. எல்லாவற்றையும் தானே செய்வதை அவர்கள் தற்சார்பு என்று கருதவில்லை. முடிவு யார் கையில் என்பதே அவர்களுக்கு முக்கியம். உதவியாளரும் சக்கர நாற்காலியும் இல்லாத ஊரில் ஒருவரை அற்புதம் பற்றி மட்டும் பேசவைப்பது அரைகுறை வைத்தியம்.