குளமும் கணிப்பொறியும்

நாஞ்சில் நாடு குளங்களால் வளம் பெற்ற நாடு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கால்வாய்களின் வழியே ஓடிக் குளங்களை நிரப்புகின்றது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களுக்கும் அந்நீரே உயிராக உள்ளது. இக்குளங்களுள் சுசீந்திரம், தேரூர்ப் பகுதி நீர்நிலைகள் பறவைகளின் புகலிடமாகவும் விளங்குதலால், 2022 ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றன.

இத்தகைய குளமொன்றின் நீர் மாசுறுவது ஏன் என்னும் வினா கல்லூரி மாணவர் ஐவருக்கு எழுகின்றது எனக் கொள்க. எந்தப் பாடநூலிலும் அதற்கு நேரான விடை இராது. நீரைச் சோதிக்க வேதியியல் வேண்டும். ஆகாயத்தாமரை பரவும் வகையை அறியத் தாவரவியல் வேண்டும். பறவைகளை இனம் பிரித்து எண்ண விலங்கியல் வேண்டும். மடையையும் மறுகாலையும் முன்னோர் பேணிய முறையை உழவரிடம் கேட்டறிய வரலாற்று அறிவும் பணிவும் வேண்டும். இவ்வாறு ஒரு பணியை மேற்கொண்டு, அதனை முடிக்கும் முயற்சியிலேயே அறிவு பெறுவதைச் செயல்திட்ட வழிக் கல்வி என்பர்.

இம்முறையை அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் 1918 ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். 1937 இல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துரைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே கல்வியின் நடுவாக வைத்தது. 1974 இல் டென்மார்க்கில் தோன்றிய ஆல்போர்க் பல்கலைக்கழகம், மாணவர் குழுவாகக் கூடி ஒரு சிக்கலை ஆராய்வதையே உயர்கல்வியின் அடிப்படையாக்கிற்று.

ஆயினும், குழுப்பணியில் இடையூறுகள் பல. ஒருவர் குறித்த கணக்கு மற்றவர்க்குக் கிடைப்பதில்லை; குறிப்பேடு தொலைந்தால் உழைப்பும் தொலையும்; ஒருவர் உழைக்க நால்வர் பெயர் பெறுவதும் உண்டு. இக்குறைகளைப் போக்க இணையத் தளங்கள் துணை செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2002 இல் வெளிவந்த மூடில் என்னும் மென்பொருளை எக்கல்லூரியும் விலையின்றி அமைத்துக்கொள்ளலாம். யார் எப்பணியை எந்நாளுக்குள் முடித்தல் வேண்டும் என்பதை அதில் பதியலாம். குளக்கரையில் எடுத்த அளவுகளை அன்றே ஏற்றி வைத்தால், ஐவரும் ஆசிரியரும் தத்தம் இடத்திலிருந்தே அவற்றைக் காண்பர். பலர் கூடி ஓர் அறிக்கையை எழுதுதற்கென அமைந்த தளங்கள், யார் எவ்வரியை எப்போது திருத்தினர் என்பதையும் காத்து வைக்கின்றன. அதனால் உழைத்தவர் பெயர் மறைவதில்லை; உழையாதவர் மறைந்துகொள்ளவும் வழியில்லை.

வேண்டிய அறிவு குறைவுபடின், 2003 இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களையும், 2017 இல் நடுவணரசு தொடங்கிய சுவயம் தளத்தையும் நாடலாம். தமிழ்நாட்டரசு 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் தளமும் கல்லூரி மாணவர்க்குத் தொழில்திறப் பயிற்சிகளை வழங்குகின்றது. எண்ணிய பறவைகளின் தொகையை இ-பேர்டு தளத்தில் பதிந்தால், நாஞ்சில் நாட்டுக் குளத்தின் செய்தி உலக ஆராய்ச்சியாளர்க்கும் பயன்படும்.

எனினும், கருவி வேறு; கல்வி வேறு. செய்யாத சோதனைக்கு எண்களைப் புனைந்து ஏற்றினாலும் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். ஆயத்த அறிக்கையை விலைக்கு வாங்கித் தம் பெயரில் அளிப்பாரும் உளர். அவர்கள் பட்டம் பெறலாம், அறிவு பெறார். பொய்யான அளவை நம்பிக் குளத்தைத் திருத்த முற்பட்டால், பயிரும் பறவையும் அன்றோ துன்புறும்? ஆதலின் ஆசிரியர் முடிந்த அறிக்கையை மட்டும் நோக்காது, அது வளர்ந்த வழியையும் நோக்குதல் வேண்டும். மாணவரை நேரில் வினவுதலும் வேண்டும்.

நீரில் இறங்கி அளந்த கையும், அளந்ததை மறைக்காது எழுதும் நெஞ்சும் மாணவரிடமிருந்தே வருதல் வேண்டும். அவை உள்ள இடத்தில் இணையம் சிறந்த துணையாகும். அங்ஙனம் ஓராண்டு மாணவர் விட்டுச்சென்ற உண்மையான குறிப்பின்மேல் அடுத்த ஆண்டு மாணவர் தம் ஆய்வைத் தொடர்வர். குளமும் காக்கப்படும், கல்வியும் வளரும்.