ஒத்து ஊதுவது அவ்வளவு எளிதா?

எதற்கெடுத்தாலும் தலையாட்டுபவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்று கேலியாகச் சொல்வது தமிழர் வழக்கம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் இசைக்கருவி இருக்கிறது, அதை ஊதத் தனித் திறமை வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அதை நினைவுபடுத்த ஓர் அந்நிய இசை உதவக்கூடும். அது மங்கோலியரின் இசை.

மங்கோலியரின் ‘கூமி’ எனும் தொண்டைப் பாட்டை முதன்முறை நேரில் கேட்பவர், இன்னொருவர் எங்கே நின்று குழல் வாசிக்கிறார் என்று மேடையில் தேடுவார். அடித்தொண்டையில் ஒரே சுருதி நீண்டு ஒலிக்க, அதற்கு மேலே சீழ்க்கை போல ஒரு மெட்டு மிதந்து வரும். ஆனால் பாடுபவர் ஒருவரே.

இது மாயமன்று. மனிதக் குரல் எதுவும் ஒற்றை ஒலியாகப் பிறப்பதில்லை. குரல்நாண்கள் வினாடிக்கு 150 முறை அதிர்ந்தால் 300, 450, 600 என அதன் மடங்குகளும் கூடவே பிறக்கின்றன. பேசும்போது அவையெல்லாம் கலந்து ஒரே குரலாகக் கேட்கும். கூமி பாடுபவர் நாக்கையும் உதட்டையும் வளைத்து வாய்க்குள் உள்ள இடத்தின் வடிவத்தை மாற்றுகிறார். உடனே 8ஆம் மடங்கான 1,200 அல்லது 9ஆம் மடங்கான 1,350 மட்டும் மற்றவற்றை மீறி எழுகிறது. அவற்றை மாற்றி மாற்றி எடுப்பதுதான் மெட்டு. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அடிச்சுருதி மெலிந்துவிடும். நேரில் கேட்டால்தான் இரண்டும் முழுமையாகச் சேரும்.

கர்நாடக இசைக் கச்சேரியில் மோர்சிங் கேட்டவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. அதன் இரும்பு நாக்கு தருவது ஒரே சுருதி. வாசிப்பவரின் வாய்தான் அதிலிருந்து வெவ்வேறு ஒலிகளைப் பிரித்தெடுக்கிறது. மங்கோலியரிடமும் இதே வகைக் கருவி உண்டு. அதன் பெயர் ‘அமான் கூர்’.

மூச்சு அறுபடாத குழல்

இதைவிட நெருங்கிய உறவு ஒன்றும் இருக்கிறது. மங்கோலியரின் ‘லிம்பே’ ஒரு பக்கவாட்டுக் குழல். அவர்களுடைய நெடும்பாட்டை அதில் வாசிக்கும்போது 12 முதல் 25 நிமிடம் வரை ஒலி அறுபடக் கூடாது. கலைஞர் கன்னங்களில் காற்றைத் தேக்கிக்கொள்கிறார். அந்தக் காற்று குழலுக்குள் போகும் நேரத்தில் மூக்கு வழியாக மூச்சை இழுத்துக்கொள்கிறார். தண்ணீர்க் குவளைக்குள் உறிஞ்சுகுழலை வைத்து இடைவிடாமல் ஊதுவதுதான் தொடக்கப் பயிற்சி. 2011இல் யுனெஸ்கோ இதை அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் கலைகளில் சேர்த்தபோது எஞ்சியிருந்த கலைஞர்கள் 14 பேர் மட்டுமே.

இனி தமிழர் பக்கம் வருவோம். ஒத்து என்பது நாதஸ்வரம் போன்ற கருவிதான். ஆனால் ராகம் வாசிக்கும் விரல்துளைகள் அதில் இல்லை. வித்துவான் வாசித்து முடிக்கும்வரை ஒரே சுருதியை விடாமல் ஊதுவது அதன் வேலை. அதற்கும் லிம்பே கலைஞரின் அதே மூச்சு வித்தை தேவை. ஜூரோங் ஈஸ்ட் முருகன் கோயிலில் நாதஸ்வர இசையைக் கேட்டு நிற்பவர்கள், அந்தச் சுருதி எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் பெரும்பாலும் இன்று சுருதி கொடுப்பது மின்சாரப் பெட்டி.

இதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி களைப்படையாது, சுருதி பிசகாது. கடல் கடந்து கலைஞர்களை வரவழைக்கும் கோயிலுக்கு ஒருவரின் விமானச் சீட்டும் சம்பளமும் மிச்சம். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கல்யாண வீட்டாரின் செலவுக் கணக்கும் அதே திசையில்தான் போகும்.

ஆனால் ஒத்து ஊதும் இடம் வெறும் சுருதிக்கான இடமாக மட்டும் இருக்கவில்லை. குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்துப் பிடித்த பிள்ளை, ஆலாபனை எப்படி வளர்கிறது, தவிலுக்கு எங்கே இடம் விடவேண்டும் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் காதால் கற்றது. பெட்டி வந்தபோது ஒரு கருவியோடு ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்து மூடப்பட்டது. சுருதியைப் பெட்டி கொடுக்கும். அடுத்த வித்துவானைக் கொடுக்காது.

மங்கோலியா காட்டும் வழி கவனிக்கத்தக்கது. கால்நடை மேய்ப்பவர்களின் பாட்டாக இருந்த கூமி இன்று தலைநகர் உலான்பாத்தரில் கல்லூரி அளவில் கற்பிக்கப்படுகிறது. 2010இல் அது யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் சேர்ந்ததும் அதே பட்டியலில்தான். பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் கலை பிழைத்துவிடாது. தினமும் யாராவது சமைத்தால்தான் உணவங்காடி. தினமும் யாராவது ஊதினால்தான் குழல்.

சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் ஆர்வத்துடன் கற்கின்றனர். மேடையின் நடுவில் உட்காரும் கலைகளுக்குப் பெற்றோர் செலவழிக்கத் தயங்குவதில்லை. பின்னால் உட்காரும் கலைக்கு அந்த மதிப்பு இல்லை. ஒரு திருவிழாவுக்காவது, ஒரு கல்யாணத்துக்காவது பெட்டியை அணைத்துவிட்டு ஓர் இளைஞரை ஒத்து ஊத அமர்த்தினால் செலவு சற்றுக் கூடும்தான். ஆனால் குருவின் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் மறுபடியும் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.