'டிஸ்இன்ட்ரெஸ்டெட்', 'அன்இன்ட்ரெஸ்டெட்': பொருள் வேறுபாடும் தமிழாக்கமும்

1. 'டிஸ்இன்ட்ரெஸ்டெட்', 'அன்இன்ட்ரெஸ்டெட்' என்னும் ஆங்கிலப் பெயரடைகள் இரண்டும் ஒரே அடிச்சொல்லின்மேல் எதிர்மறை முன்னொட்டுப் பெற்று அமைந்தவை. இதனால் இரண்டையும் 'ஆர்வமற்ற' என்றே பெயர்த்துவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழையாகும். சட்டத் தமிழில் இப்பிழை ஒரு சாட்சியின் தகுதியையே மாற்றிக் காட்டிவிடும்.

2. வேறுபாட்டின் அடிப்படை முன்னொட்டில் இல்லை. அடிச்சொல்லின் பலபொருண்மையில் உள்ளது. 'இன்ட்ரெஸ்ட்' என்பது மனத்தின் ஈடுபாட்டையும் குறிக்கும்; ஒன்றன் விளைவால் ஒருவர்க்குக் கிட்டும் ஆதாயத்தையும் குறிக்கும். 'இன்ட்ரெஸ்டெட்' என்னும் உடன்பாட்டு வடிவம் இவ்விரு பொருளுக்கும் பொது. எதிர்மறையில் மட்டும் இவை பிரிகின்றன. 'அன்' முன்னொட்டுடையது ஈடுபாடின்மையைச் சுட்ட, 'டிஸ்' முன்னொட்டுடையது நலத்தொடர்பின்மையைச் சுட்டுகிறது. நீதிபதி தம்முன் உள்ள வழக்கில் நலத்தொடர்பற்றவராக இருத்தல் வேண்டும். ஈடுபாடற்றவராக இருத்தல் கூடாது. ஒன்று கடமை, மற்றது குற்றம்.

3. இப்பகுப்பு தொடக்கம் முதலே நிலவியதன்று. 17ஆம் நூற்றாண்டில் முதற்சொல் ஈடுபாடின்மையையும், இரண்டாம் சொல் சார்பின்மையையும் குறித்ததுண்டு. இன்றைய பகுப்பு பின்னரே நிலைபெற்றது. இன்றும் பொது வழக்கில் முதற்சொல் ஈடுபாடின்மைப் பொருளில் வருகின்றது. நடை நூலார் பலர் அதனைக் கடிந்துள்ளனர். எனவே அகராதிப் பொருளை மட்டும் கொண்டு மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தல் இயலாது. சூழலையும் நோக்குதல் வேண்டும்.

4. சட்ட வழக்கில் இவ்வேறுபாடு தெளிவானது. ராஜஸ்தான் மாநிலம் எதிர் கல்கி என்னும் வழக்கில் (1981), உறவினர் என்பதனாலேயே ஒருவர் 'இன்ட்ரெஸ்டெட்' சாட்சி ஆகிவிடார் என்றும், வழக்கின் முடிவால் பயன் பெறுபவரே அவ்வாறு கருதத்தக்கவர் என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இதனை 'ஆர்வமுள்ள சாட்சி' என்று பெயர்த்தால், சாட்சி சொல்ல விரும்பி முன்வந்தவர் என்று பொருள்படும். இதன் எதிர்மறையை 'ஆர்வமற்ற சாட்சி' என்றால், விருப்பமின்றி வந்தவர் என்றாகும். 'நடுநிலைச் சாட்சி' என்பதும் முற்றிலும் பொருந்தாது. நலத்தொடர்பின்மை ஒருவரது சூழ்நிலை பற்றியது. நடுநிலை அவரது மனப்பாங்கு பற்றியது. முன்னது இருப்பின் பின்னதும் இருக்கும் என்பதை மன்றமே ஆய்ந்து முடிவு செய்தல் வேண்டும். மொழிபெயர்ப்பு அதனை முந்திக்கொள்ளுதல் ஆகாது. ஆகவே 'நலத்தொடர்பற்ற சாட்சி' என்பதே ஏற்றது.

5. துறை மாறின் சொல்லும் மாறும். அறிவுரையைப் பற்றி வருமிடத்துத் 'தன்னலம் கருதாத' என்பது இயல்பாக அமையும். காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் அழகைத் துய்க்கும் இன்பத்தைப் பற்றிக் கூறுமிடத்து 'வேட்கை கலவாத' என்பது பொருந்தும். அங்கு 'ஆர்வமற்ற இன்பம்' என்பது முரணாகவே முடியும்.

6. எனவே எதிர்மறைப் பெயரடையைப் பெயர்க்குமுன், அஃது எதனை மறுக்கிறது என்று வினவுதல் வேண்டும். மறுக்கப்படுவது ஈடுபாடா, ஆதாயமா என்பது தெளிந்தபின் உரிய தமிழ்ச்சொல்லைத் தேர்தல் எளிது.