பேச்சுத் தடையும் தாய்க்கு வந்த பழியும்
(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

பேச்சு, மனிதனுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் என்பர். அச்செல்வம் என் கடைசித் தம்பிக்கு ஆறு வயதாகியும் முழுமையாகக் கிட்டவில்லை. "காலத்தில் வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவியிருந்தால் பிள்ளை இப்படித் திக்குமா?" என்று ஊரார் என் தாயைப் பழித்தனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். மரபியல் பாடம் படிக்கையில் அந்தப் பழிக்கு விடை தேடினேன். கண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

இலண்டனில் ஒரு குடும்பம். அறிவியல் நூல்கள் அதனைக் 'கே.இ. குடும்பம்' என்றே குறிக்கின்றன. மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொற்கள் தெளிவாக வரவில்லை, இலக்கணமும் இடறியது. காது கேட்டது, நாவும் உதடும் செயலிழக்கவில்லை. ஆயினும் அவற்றை வரிசையாக அசைக்கும் ஆணையை மூளையால் சரிவர இட முடியவில்லை. இதுபற்றிய மருத்துவ ஆய்வு 1990இல் வெளிவந்தது. தாய், தந்தை இருவருள் ஒருவருக்குக் குறை இருந்தாலே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு! மெண்டல் கூறிய ஓங்கு பண்பு அல்லவா இது?

1998இல் சைமன் ஃபிஷரும் குழுவினரும் ஏழாவது குரோமோசோமில் குறையின் இருப்பிடத்தைக் கண்டனர். 2001இல் 'ஃபாக்ஸ்பி2' என்னும் மரபணு பிடிபட்டது. அது உருவாக்கும் புரதத்தில் 715 அமினோ அமிலங்கள் உள்ளன. 553ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் அமர்ந்துவிட்டது. மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவே! இப்புரதம் ஒரு மேஸ்திரி போன்றது. வேறு பல மரபணுக்களை வேலை வாங்கும். மேஸ்திரி தடுமாறினால் கட்டடம் என்னாகும்?

இதனைப் 'பேச்சு மரபணு' என்று போற்றுவோரும் உளர். அது மிகை. எலிக்கும் பறவைக்கும் இம்மரபணு உண்டு. சிம்பன்சியின் புரதத்திற்கும் நமதிற்கும் இரண்டே அமினோ அமிலங்கள் வேறுபாடு. அவ்விரண்டும் நியாண்டர்தால் மனிதனிடமும் இருந்ததாக 2007இல் கண்டறிந்தனர். பேச்சு, பல மரபணுக்களும் சுற்றத்தாரின் சொற்களும் சேர்ந்து வளர்ப்பது.

என் தம்பிக்கும் இதே குறைதான் என்று நான் கூறவில்லை. பேச்சுத் தடைக்குக் காரணங்கள் பல. செவியைச் சோதிப்பதும், பேச்சுப் பயிற்சி அளிப்பதுமே செய்யத்தக்கவை. வசம்பு எந்த மரபணுவையும் திருத்தாது.

விடுமுறையில் அடுப்படியில் அமர்ந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப, என்மேல தப்பு இல்லையாடா?" என்றார். "இல்லம்மா" என்றேன். நண்பர்களே, நாம் கற்கும் அறிவியல் இத்தகைய தாய்மாரின் செவிக்கும் எட்டட்டும்!