சங்கிலி அறுந்த பின்னும்

துவிச்சக்கரவண்டி என்றதும் நம் மனக்கண்முன் எழுவன யாவை? பாடசாலைக்கு விரையும் மாணவர், கரியரில் மரக்கறிக் கடகத்தைக் கட்டிக்கொண்டு சந்தைக்குச் செல்லும் கமக்காரர், பிள்ளையை முன்பாரில் இருத்தி உழக்கிவரும் தந்தை. யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உழக்கிச் செல்வதற்குரிய வாகனமேயன்றி, மலையுச்சியிலிருந்து குப்புற இறங்குவதற்குரியதன்று. அந்த எண்ணம், 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், ஸ்கொட்லாந்தின் ட்வீட் நதிப் பள்ளத்தாக்கில், இரண்டு நாள் மழையிற் கரைந்து போயிற்று.

நான் அப்பொழுது எடின்பரோ நகரில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையிற் குடியிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு பாடசாலையிற் கணிதம் கற்பிப்பவர், வயது நாற்பத்தாறு. வார நாட்களில் அமைதியே உருவானவர். சனி ஞாயிறு வந்துவிட்டாலோ, முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு அணிந்து, முகத்தையும் மூடும் தலைக்கவசத்தைக் கையிலெடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவருடன் கூடிய குழுவினர் மூவர்: ஒருவர் தச்சர், மற்றவர் வைத்தியசாலைத் தாதி, மூன்றாமவன் பத்தொன்பது வயதுப் பல்கலைக்கழக மாணவன். அவர்களுக்கு ஊதியம் கொடுப்பாரில்லை. சைக்கிள் கொடுக்கும் கம்பனியுமில்லை. பந்தயக் கட்டணமும் பெற்றோலும் தத்தம் சட்டைப்பையிலிருந்தே வரவேண்டும். “கூடாரத்தில் இருந்து தேநீர் ஊற்றித் தர ஓர் ஆள் தேவை, வருகிறீர்களா?” என்று ஆசிரியர் கேட்டார். வேடிக்கை பார்க்கும் ஆவலுடன் நானும் வானில் ஏறிக்கொண்டேன்.

இந்த விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள பெயர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அண்மையில், நண்பர் சிலர் மண்பாதையொன்றில் யார் மிகக் குறைந்த நேரத்தில் மலையடிவாரத்தை அடைவாரெனப் பந்தயம் ஓடினர். அவர்களிடம் இருந்தவை தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினாற் பிடிக்கும் பிறேக் ஒன்றே அவற்றுக்குத் துணை. ஒருமுறை இறங்கி முடிவதற்குள், பின்சில்லின் குடத்திலுள்ள கிறீஸ் சூடேறிப் புகையாய்ப் போய்விடும். மீண்டும் கிறீஸ் அடைத்தாலன்றி அடுத்த ஓட்டமில்லை. ‘மீண்டும் அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரீபாக்’ என்பதே அப்பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராயிற்று. விளையாட்டாய்த் தொடங்கிய அது பதினான்கு ஆண்டுகளில், 1990இல், கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் உலகச் சம்பியன் போட்டியாக வளர்ந்தது. இன்று அதற்கென்றே செய்யப்படும் வண்டிகளில் முன்னும் பின்னும் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் அமிழ்ந்தெழும் அதிர்வு தாங்கிகள் உண்டு. வண்டி மாறினும் விதி மாறவில்லை: ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும், மேலிருந்து கீழே வந்து சேரவேண்டும், எதிராளி கடிகாரமே.

நாங்கள் சென்ற போட்டியில், சனிக்கிழமை பயிற்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டில் எது விரைவானதோ அதுவே கணக்கிற் கொள்ளப்படும். வெள்ளி இரவு தொடங்கிய மழை சனி காலையிலும் விடவில்லை. இழுவைப் பெட்டியில் வண்டிகளை ஏற்றி, வானொன்று வீரர்களை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்புரூஸ் மரக்காட்டுக்குள் இறங்கும் பாதை, முற்பகலிற் களிமண்ணாகவும் நண்பகலிற் கூழாகவும் இருந்தது.

சேற்றில் வண்டி விடுவது தனியொரு வித்தையென்பதை அன்றே கண்டேன். உலர்ந்த தரைக்குரிய ரயர் சேற்றை அப்பிக்கொண்டு வழவழப்பான உருளையாகிவிடும். ஆதலால், உயர்ந்த முள்ளுகள் இடைவெளிவிட்டு அமைந்த ரயரை மாட்டுகிறார்கள். அம்முள்ளுகள் மேற்சேற்றைக் கிழித்து அடியிலுள்ள உறுதியான மண்ணைப் பற்றும். சுழலும் வேகத்திற் சேற்றை உதறியும் விடும். ஆயினும் நனைந்த மரவேருக்கு அந்த முள்ளும் உதவாது. வேரைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். அதன்மேற் பிறேக் பிடிக்கலாகாது. பிடித்தாற் சில்லு உருளாது வழுகும். அச்சம் ‘பிடி, பிடி’ என்கிறது. அனுபவமோ ‘விடு’ என்கிறது. கண்களை மறைக்கும் சேற்றுக்கும் அன்று ஓர் உபாயம் இருந்தது. கண்ணாடியின்மேல் மெல்லிய தெளிந்த தாள்கள் பல ஒட்டியிருந்தன. பார்வை மறைய மறைய ஒவ்வொன்றாய்க் கிழித்தெறிந்துகொண்டு இறங்கினார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்த மலையில் அன்று சறுக்காதவர் எவருமிலர். மாணவன் மூன்றுமுறை விழுந்து மூன்றுமுறையும் சிரித்துக்கொண்டு வந்தான். தாதியின் வண்டி மரத்தில் மோதிப் பின்பிறேக்கின் கைபிடி முறிந்தது. மாலை நாலு மணியளவில், தச்சர் தமக்குக் கை சோர்ந்துவிட்டதென்றும், இனிப் போதுமென்றும் சொன்னார். “இன்னும் ஒரே ஒருமுறை; அந்த வேர்க்கூட்டத்தை மட்டும் பழகிவிடுவோம்” என்று ஆசிரியர் வற்புறுத்தினார். தச்சர் மறுக்கவில்லை. அந்த ஒரே ஒருமுறையில், அதே வேர்க்கூட்டத்தில், அவருடைய முன்சில்லு வழுகிற்று. வலது தோளின்மேல் விழுந்தார். தாதி ஓடிச்சென்று தொட்டுப் பார்த்தார். “காறை எலும்பு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வாசகர்களே, ஆசிரியருக்குக் காறை எலும்பு முறிந்தால், ஒரு கையைக் கட்டிக்கொண்டும் கரும்பலகையில் எழுதலாம். மாதச் சம்பளமும் வரும். கூலிக்கு வேலை செய்யும் தச்சருக்கு அது பல வார வருமானம். அடுத்த மாதத்துக்குள் ஒரு வீட்டுக்கு ஒன்பது கதவுகள் செய்து கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம்; அதன் விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றாய் இருப்பதில்லை.

அன்றிரவு தங்குமிடத்திற் பேச்சு எழவில்லை. மாணவன் மட்டும் சூழ்நிலையை மாற்ற முயன்று, 2011ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் ஷாம்பெரியில் நடந்த உலகச் சம்பியன் போட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். செக்கனின் சிறு பின்னங்கள் வெற்றியைத் தீர்மானிக்கும் இந்த விளையாட்டில், கொட்டும் மழையில், செங்குத்தான சேற்றுப்பாதையில், டானி ஹார்ட் என்னும் ஆங்கிலேய இளைஞர் இரண்டாமவரைப் பதினொரு செக்கனுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். அப்பொழுது அவருக்கும் வயது பத்தொன்பதே. மாணவனின் கண்கள் மின்னின. ஆசிரியரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளை நான் இறங்கப் போவதில்லை” என்றார்.

ஞாயிறு காலை, வைத்தியசாலையிலிருந்து தச்சர் கையைத் தூளியிற் கட்டிக்கொண்டு நேரே மலையடிவாரத்துக்கே வந்து சேர்ந்தார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். தச்சர் அதனைக் கேட்டு முடிக்கவில்லை. “போதுமென்று சொன்னதும் நான், மறுபடி ஏறினதும் நான். நீர் இறங்காவிட்டால் என் எலும்பு ஒட்டிவிடுமா?” என்றார். ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுக் கைக்காப்பை எடுத்து மாட்டினார்.

முதலாவது ஓட்டத்தில் ஆசிரியர் பாதை விலகி நாடாவைக் கடந்ததனால் அது கணக்கில் எடுபடவில்லை. தாதி, இரவல் வாங்கிப் பூட்டிய கைபிடியுடன், ஒருமுறையேனும் விழாமல் வந்து பெண்களிற் நான்காமவரானார். ஹார்ட்டைக் கனவு கண்ட மாணவன் இரண்டு ஓட்டங்களிலும் உருண்டு, பட்டியலின் நடுவிலே எங்கோ நின்றான். எஞ்சியிருந்தது ஆசிரியரின் இரண்டாவது ஓட்டம். புறப்பட்ட மூன்றாவது மிதியிலேயே சங்கிலி அறுந்தது.

2015ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், ஆரன் குவின் என்னும் அமெரிக்க வீரருக்கும் இதுவே நேர்ந்தது. தொடக்கத்திலேயே சங்கிலி அறுந்தும், மிதிக்க வழியின்றி, இறக்கத்தின் வேகத்தையே துணைக்கொண்டு அவர் அந்தப் போட்டியை வென்றார். அது இவ்விளையாட்டின் புகழ்பெற்ற கதைகளில் ஒன்று. நம் ஆசிரியர் குவின் அல்லர். அந்த மலையும் சேற்றால் அவரைப் பிடித்துவைத்தது. இறக்கத்தில் உருண்டார். சமதளம் வந்த இடங்களில் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தச்சர் விழுந்த வேர்க்கூட்டத்தில், பார்த்து நின்றவர்கள் சொன்னபடி, அவர் பிறேக்கைத் தொடவேயில்லை. கடைசியாக வந்தவர் அவரே. அவருக்கு முன்னவரிலும் இரண்டு நிமிடம் பிந்தி. எல்லைக்கோட்டில் தச்சர் இடக்கையால் அவருடைய தலைக்கவசத்தை ஒருமுறை தட்டினார். வெற்றியாளருக்குக் கேட்ட கரவொலி அவருக்குக் கேட்கவில்லை. மழையில் முக்காற்பங்கினர் போய்விட்டிருந்தனர்.

விளையாட்டின் பயன் யாதென்று நம் ஆசிரியப் பெருமக்கள் மாணவருக்குக் கட்டுரை எழுதக் கொடுப்பதுண்டு. துணிவு, ஒற்றுமை, தோல்வியைத் தாங்கும் மனம் என்று மாணவரும் வழக்கம்போல் எழுதுவர். அவை பொய்யல்ல. ஆயினும் எல்லைக்கோட்டைக் கடந்தவுடன் அந்தக் குணங்கள் தாமாகவே கிடைத்துவிடுவதில்லை. சோர்ந்த நண்பனை ‘இன்னும் ஒருமுறை’ என்று அழைத்ததும் அதே உற்சாகந்தான். சங்கிலியில்லாமல் மலையிறங்கியதும் அதே உற்சாகந்தான். அது நல்லதா தீயதா என்பதை அடுத்த நாட்களே சொல்லவேண்டும்.

அதன்பின் வந்த ஐந்து சனிக்கிழமைகளிலும் ஆசிரியர் தலைக்கவசத்தை எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கே தச்சரின் பட்டறைக்குப் போய்விடுவார். தச்சர் நாற்காலியில் இருந்துகொண்டு அளவு சொல்ல, மாணவன் பலகை அறுத்தான். தாதி ஓய்வு கிடைத்தபொழுதெல்லாம் வர்ணம் பூசினார். கணித ஆசிரியர் சீவுளி பிடித்தார். ஒருநாள் நானும் போயிருந்தேன். அவர் சீவிய கதவொன்று ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது. தச்சர் அதனைத் தடவிப் பார்த்து, “இதையும் மலையென்று நினைத்துவிட்டீரோ?” என்று கேட்டுவிட்டு, மறுபடி சீவச் சொன்னார். ஆசிரியர் மறுபேச்சின்றி மறுபடி சீவினார். ஒன்பது கதவுகளும் குறித்த நாளிற் போய்ச் சேர்ந்தன.