அச்சு நூலுக்கு ஆயுள் கூடுதலா, மின்நூலுக்கா?

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைப்பவற்றில் மிகப் பழையது இதுதான். அதன் படி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். 1997இல் தட்டச்சு செய்து பிளாப்பியில் போட்டு வைத்த ஒரு தமிழ்க் கட்டுரையை இன்று அவ்வளவு எளிதில் திறக்க முடியாது.

அதற்காக எல்லாக் காகிதமும் நீடிக்கும் என்றில்லை. 1950களின் மலிவுப் பதிப்பைப் புரட்டினால் தாள் விரலோடு உதிர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காகிதம் மரக்கூழில் செய்யப்படத் தொடங்கியது. மை பரவாதிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தாளுக்கு வலுத் தரும் செல்லுலோஸ் இழைகளை அறுக்கிறது. சென்னையின் வெக்கையும் புழுக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன. ஆனால் இந்த அழிவு கண்ணுக்குத் தெரியும், மெதுவாக நடக்கும். தாள் பழுப்பேறும்போதே அமிலத்தை நீக்கலாம், மைக்ரோஃபிலிமில் படமெடுக்கலாம்.

மின்கோப்பு அப்படி எச்சரிப்பதில்லை. தட்டு பழுதாகலாம், அதைப் படிக்கும் கருவி கடைகளிலிருந்து மறையலாம். தமிழுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. யூனிகோட் என்ற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன் எழுத்துருக்கள் பலவும் தமக்கெனத் தனிக் குறியீட்டை வைத்திருந்தன. பாமினி போன்றவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டும். எழுத்துரு போனால் கிறுக்கல்தான் மிஞ்சும். தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் இன்று எல்லார் கைப்பேசியிலும் தெரிகின்றன என்றால், தன்னார்வலர்கள் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியதே காரணம். காகிதம் அலமாரியில் கவனிப்பாரின்றிப் பல பத்தாண்டுகள் கிடந்தும் பிழைக்கும். மின்கோப்பைத் தலைமுறைதோறும் யாராவது புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காகிதத்தை மட்டும் நம்பியிருப்பதன் விலையை நாம் 1981இல் கண்டோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றில் அடக்கம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி வருகிறது. ஒரே இடத்தில் வைத்த ஒரே படியைவிடப் பல இடங்களில் வைத்த பல படிகளுக்கே ஆயுள் கூடுதல். படியெடுப்பதில் மின்நூலை எதுவும் விஞ்ச முடியாது.

அந்தப் பலத்தைத்தான் விற்பனைக்கு வரும் மின்நூல்கள் பலவும் பூட்டிவிடுகின்றன. வாசகர் வாங்குவது நூலை அல்ல, வாசிக்கும் அனுமதியை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது பணம் திரும்பக் கிடைத்தது, வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. எனக்குப் பெரிய கவலை இதுவே.

அச்சு நூலுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் அரணாக நிற்கிறது: இந்தியாவில் வெளியாகும் நூலின் படியைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்பியாக வேண்டும். அது அச்சை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். பிரிட்டன் 2013இல் மின்வெளியீடுகளையும் இந்தக் கடமைக்குள் கொண்டுவந்தது. மின்நூலாக மட்டுமே வெளிவரும் தமிழ் நாவலின் பூட்டில்லாத ஒரு படி கன்னிமாராவுக்குப் போய்ச் சேர, இங்கும் அப்படியொரு திருத்தம் வேண்டும்.