நாற்பத்தாறாவது எட்டில் பிரமிடு

பிரமிடை எப்போது கட்டினார்கள் என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால், கி.மு. 2560 வாக்கில் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எண் பெரிதாகப் பெரிதாகக் காலம் பின்னே போகும் இந்தக் கணக்கில் பெரியவர்களே தடுமாறுகிறோம். பிள்ளைக்கு முதலில் வேண்டியது எது முன்னே, எது பின்னே, இடையில் எவ்வளவு தூரம் என்பதுதான். அதற்கு அய்யலூரில் ஒரு பள்ளி மைதானம் போதும். ஓர் எட்டுக்கு 100 ஆண்டு என்று வைத்து இன்றிலிருந்து பின்னோக்கி நடக்கவிடுங்கள். முதல் எட்டு முடியுமுன்பே 1947 வந்துவிடும். பத்தில் தஞ்சைப் பெரிய கோயில். இருபதைத் தாண்டியதும் கிளியோபாட்ரா. முப்பத்து மூன்றில் துட்டன்காமூன். கூஃபுவின் பெரிய பிரமிடுக்கு நாற்பத்தாறு எட்டு வேண்டும். எகிப்தின் முதல் மன்னர்கள் அதற்கும் ஐந்து எட்டு அப்பால். கிளியோபாட்ராவுக்குப் பிரமிடைவிட நாம்தான் பக்கம் என்பது நடந்து பார்த்த பிள்ளைக்குக் காலிலேயே தெரிந்துவிடும்.

ஆயிரம் ஆண்டு என்பதே அந்த வயதுக்கு எட்டாது, 9ஆம் வகுப்பில் எகிப்துப் பாடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குள் கார்ட்டூனில் பார்த்த மம்மியும் டைனோசரும் ராஜராஜனும் 'அந்தக் காலம்' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகின்றன. பிறகு பிரிப்பது கடினம். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளையின் எட்டில் அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர், அய்யலூரிலிருந்து சென்னை வரை! இதைக் கேட்ட பிள்ளை பிரமிடுக்குப் பக்கத்தில் டைனோசரை வரையாது.

நம் ஊர் வரலாறே தெரியாத பிள்ளைக்கு எகிப்து எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டையும் ஒரே மைதானத்தில்தான் சொல்லித்தர முடியும். அய்யலூர் இருக்கும் இதே மாவட்டத்தில், பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கிடைத்த நெல் கி.மு. 490ஐச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். அது இருபத்தைந்தாவது எட்டு. அப்போதே பிரமிடுக்கு இரண்டாயிரம் வயது. முப்பத்திரண்டில் நிற்கும் எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸின் மம்மியில், மூக்குத் துளைக்குள் மிளகு இருந்தது. மிளகின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம். பின்னாளில் எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. அதே கடற்கரையிலுள்ள பெரனிகேயில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகே கிடைத்தது. சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, பொருந்தல் நெல்லுக்கு ஒரு பிள்ளையையும் ராம்சேஸுக்கு ஒரு பிள்ளையையும் நிறுத்திவிட்டால், நடுவில் எத்தனை எட்டு என்று மற்றவர்களே எண்ணிக்கொள்வார்கள்.